வலையில் விட்டுவந்த முள்: மட்டக்களப்பு வாவியிலும் அறுகம்குடாவிலும் லூர் வீசுவோரின் அனுபவப் பகிர்வு

கல்லடியிலிருந்து

லேசான தடியும் மெல்லிய நூலும் கொண்டு வாவியில் லூர் (தூண்டில் மாட்டிய செயற்கை இரை) வீசத் தொடங்கி எனக்கு ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. பிடித்த மீன்களைப் பற்றி எழுத என்னிடம் நிறைய உண்டு. ஆனால் நான் இங்கே எழுத வந்தது கைக்கு வராமற்போன ஒரு கொடுவாவைப் பற்றியும், அது என் லூரை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைப் பற்றியுமே.

மாசி மாதத்து இரவு அது. மாரி வெள்ளம், வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்து மணல்திட்டை உடைத்துக்கொண்டு கடலுக்குப் போய் முடிந்து, கலங்கல் தெளிந்து, வாய் இன்னும் திறந்தே கிடந்த காலம். எங்கள் கரையில் கடலின் ஏற்ற இறக்கம் ஒரு மீற்றரைக்கூட எட்டுவதில்லை என்றாலும், முகத்துவாரம் திறந்திருக்கும் மாதங்களில் அந்தச் சிறிய வேறுபாடே கல்லடிப் பாலத்தின் தூண்களுக்கு இடையில் நல்லதோர் ஓட்டத்தை உண்டாக்கிவிடும். பழைய இரும்புப் பாலத்துக்குப் பக்கத்தில் 2013ஆம் ஆண்டு திறக்கப்பட்ட புதிய பாலத்தின் விளக்கு வெளிச்சம் நீரில் விழும்போது, வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் இடையில் ஒரு கோடு தெரியும். கொடுவா அந்தக் கோட்டுக்கு உள்ளே, இருட்டில், ஓட்டத்தை எதிர்த்து முகம் வைத்து நிற்கும். வெளிச்சத்தில் அடிபட்டு வரும் இறாலும் சிறு மணலை மீனும் கோட்டைத் தாண்டும் கணத்தில், வாயைத் திறந்து நீரோடு சேர்த்து உறிஞ்சிவிடும். அப்போது எழும் சத்தம் ஈரத் துணியைக் கல்லில் ஒரே ஒரு முறை அடித்ததுபோல் இருக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டபின் வீட்டுக்குப் போக மனம் வராது.

அன்று என் ரீலில் இருந்தது 8 இறாத்தல் இழுவை தாங்கும் பின்னல் நூல். நுனியில் ஒன்றரை அடி நீளத்துக்கு 12 இறாத்தல் தங்கூசியை (ஒற்றை நைலோன் இழை) லீடராக, அதாவது லூருக்கு முன்னால் வரும் நுனி நூலாக, முடிந்திருந்தேன். மெல்லிய நூலில் 10 கிராம் லூர் வெகுதூரம் பறக்கும், லூரின் ஆட்டமும் இயல்பாக இருக்கும், கொத்தும் மீனின் எண்ணிக்கையும் கூடும் என்பது என் கணக்கு. அந்தக் கணக்கில் பிழை இல்லை. ஆனால் மீன் கொத்திய பின்னர் என்ன நடக்கும் என்பதை நான் அதில் சேர்த்திருக்கவில்லை. லூரின் வயிற்றில் ஒன்றும் வாலில் ஒன்றுமாக மூன்று முனைத் தூண்டில்கள் இரண்டு இருந்தன. ஆறு முனைகள், ஒவ்வொன்றிலும் குத்தினால் கழலாமல் பிடித்துக்கொள்ளும் எதிர்முள்.

ஒன்பதரை மணியளவில், நிழற்கோட்டுக்கு ஒரு பாகம் (இரு கைகளையும் விரித்த நீளம்) உள்ளே லூரை நிறுத்திய இடத்தில் அது எடுத்தது. முதல் துள்ளலில் முழு உடம்பும் வெளியே வந்து, கண் விளக்கு வெளிச்சத்தில் செந்தணலாக மின்னியதைக் கண்டேன். ஆறு கிலோவுக்குக் குறையாது என்று மனம் சொன்னது. இரண்டாம் துள்ளலுக்குப் பின் அது பாலத்தை விட்டு, ஓட்டத்தோடு முகத்துவாரப் பக்கம் ஓடத் தொடங்கியது. மீன் இழுக்கும்போது ரீல் நூலை விடும் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் டிராக்கை இறுக்க நூல் இடம் தரவில்லை. இறுக்காமல் விட்டால் மீன் நிற்கவில்லை. எண்பது மீற்றர் அளவில் ஓட்டம் சட்டென்று நின்றது. தடியில் உயிர்த்துடிப்பு இல்லாமல், பஞ்சு மூட்டையை இழுப்பது போன்ற ஓர் இளகிய கனம் மட்டுமே தெரிந்தது. கைவிளக்கை அடித்துப் பார்த்தபோது, தூரத்தில் சிறு மிதப்புகள் வரிசையாகத் தெரிந்தன. யாரோ படுத்தியிருந்த வலைக்குள் மீன் புகுந்து, லூரை அங்கே மாட்டிவிட்டுத் தான் கழன்று போயிருந்தது. நான் தடியை நேராக நீட்டி இழுத்தேன். நூல் அறுந்தது. மீன் போன கவலையோடு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டேன். வலையில் தங்கிவிட்ட அந்த ஆறு முனைகளைப் பற்றி அன்றிரவு எனக்கு ஒரு நினைப்பும் எழவில்லை என்பதை இங்கே மறைக்காமல் எழுத வேண்டும்.

மூன்றாம் நாள் காலை, கரையில் மீன் விற்கும் இடத்தில் ஒரு பெரியவர் என் தோளில் தொங்கிய தடியைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். வலது கையில் பெருவிரலைச் சுற்றிக் கட்டு. இடது கையால் மடியிலிருந்து ஒரு பொலித்தீன் பையை எடுத்து விரித்தார். உள்ளே என் லூர் இருந்தது.

"இது உங்கட சாமானா மனே?" என்று கேட்டார்.

ஆம் என்றேன். அவர் கோபப்படவில்லை. நடந்ததை மட்டும் சொன்னார். விடியற்காலை நான்கு மணிக்குத் தனியாகத் தோணியில் நின்று வலையை இழுத்துக்கொண்டிருந்தபோது, வாலில் இருந்த தூண்டிலின் ஒரு முனை அவருடைய பெருவிரல் மேட்டுச் சதையில் எதிர்முள் வரை இறங்கியிருக்கிறது. மற்ற முனைகள் வலைக் கண்ணியில் கோத்திருந்தன. ஆகவே அவர் தமது வலையோடு தாமே கட்டுண்டு போனார். தோணி ஓட்டத்தில் திரும்பத் திரும்ப, வலையின் பாரம் முழுவதும் அந்த ஒரு முனையில் விழுந்திருக்கிறது. இடது கையால் கத்தியைத் தேடி எடுத்து, கண்ணிகளை அறுத்து, ஒற்றைக் கையால் தாங்குகம்பு ஊன்றிக் கரை சேர்ந்தபோது விடிந்துவிட்டதாம். ஆஸ்பத்திரியில் முனையை முன்பக்கமாகத் தள்ளி வெளியே எடுத்து, எதிர்முள்ளை வெட்டிய பின் கழற்றி, ஏற்புவலிக்கும் ஊசி போட்டு அனுப்பியிருக்கிறார்கள். அறுத்த இடத்தில் வலை இரண்டு முழம் கிழிந்து போயிருந்தது. பத்து நாட்கள் அவர் வாவிக்கு இறங்கவில்லை.

வலைக்கும் தொழில் இழந்த நாட்களுக்கும் என்னால் இயன்றதைக் கொடுத்தேன். வலைக்கான பணத்தை வாங்கிக்கொண்டார். நாட்களுக்கான பணத்தில் பாதியைத் திருப்பித் தந்தார். கட்டு அவிழும் வரை நான் அவர் வீட்டுக்குப் போய்வந்தேன். வாவியின் அடியைப் பற்றி ஒன்பது ஆண்டுகளில் நான் அறிந்ததைவிட அதிகமாக அந்தத் திண்ணையில் அறிந்தேன் என்றாலும், அது வேறு கதை.

அதன்பின் என் சாமான்கள் மாறின. இப்போது பயன்படுத்துவது 20 இறாத்தல் பின்னல் நூல், அதன் நுனியில் ஒரு பாகம் நீளத்துக்கு 30 இறாத்தல் லீடர். கொடுவாவின் செவுள்மூடியின் ஓரம் சவர அலகைப் போன்றது என்பதால் லீடர் தடிப்பாக இருப்பது எப்படியும் நல்லது. வீச்சுத் தூரம் ஏழெட்டு மீற்றர் குறைந்திருக்கிறது, வேறு இழப்பு எதையும் நான் காணவில்லை. டிராக்கைச் சிறு தராசில் மாட்டி இழுத்து, நூலின் வலுவில் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையில் வைக்கிறேன். மூன்று முனைத் தூண்டில்களைக் கழற்றிவிட்டு ஒற்றை முனைத் தூண்டில்களை மாட்டி, எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிடுகிறேன். இதைச் செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புதிய தூண்டிலின் எடை பழையதன் எடைக்கு ஒத்துவராவிட்டால் லூரின் மிதப்பும் ஆட்டமும் கெட்டுவிடும். எதிர்முள் இல்லாவிட்டால் துள்ளும்போது மீன் கழன்றுவிடும் என்று பலர் சொல்கிறார்கள். நூலைத் தளரவிட்டால் கழலும், தளரவிடாவிட்டால் கழலாது என்பதே என் அனுபவம்.

பொத்துவில், உல்லையிலிருந்து

கல்லடி அண்ணன் எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். எங்கள் பக்கம் வாவி வலைகளின் தொல்லை குறைவு, பாறையின் தொல்லை அதிகம். ஆனால் மெல்லிய நூலைப் பற்றி அவர் சொல்வதற்கு என்னிடம் இன்னொரு சாட்சி உண்டு.

தென்மேற்குக் காற்று வீசும் சோளகக் காலத்தில் அறுகம்குடா முனையில் அலைச்சறுக்கு விளையாட வருபவர்கள் நீரில் நிறைந்திருப்பார்கள். அங்கே எந்த நேரத்திலும் லூர் வீசக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஆகவே நான் விடியலுக்கு முன்பே ஆளரவமில்லாத தெற்குப் பாறைகளுக்குப் போய்விடுவேன். ஒரு நாள் அதிகாலையில் பாரைகள் நெத்தலிக் கூட்டத்தைக் கரையோரம் நெருக்கிக்கொண்டு வந்தன. நீர் கொதிப்பதுபோல் இருந்தது. கையில் இருந்தது வாவிக்கென்று வாங்கிய 10 இறாத்தல் நூல் கொண்ட சாமான். பெரிய தடியை எடுத்துவர வீட்டுக்குப் போனால் கூட்டம் போய்விடுமே என்ற பதற்றத்தில் நீர்மேல் சத்தமெழுப்பி வரும் லூரான சிறிய பொப்பரை வீசினேன்.

ஐந்து கிலோப் பாரை ஒன்று எடுத்தது. அது பாறைப் பக்கம் போகாமல் திறந்த கடலுக்கு ஓடியதால் நூல் அறவில்லை. நாற்பது நிமிடங்கள் அதோடு நின்றேன். அன்று அதைப் பெரிய வெற்றியாக எண்ணினேன். பாரையைத் திரும்ப விடுவது என் வழக்கம் என்பதால், காலடியில் வந்ததும் தூண்டிலைக் கழற்றி, தலையை நீரோட்டத்துக்கு எதிரே பிடித்து, செவுளுக்குள் நீர் போகுமாறு வெகுநேரம் வைத்திருந்தேன். கையை எடுத்தவுடன் அது வயிற்றை மேலே காட்டியது. மீண்டும் பிடித்தேன், மீண்டும் அப்படியே. இறுதியில் அது செத்துப்போயிற்று. நாற்பது நிமிடம் ஓடி ஓடிக் களைத்த உடம்பில் மிச்சம் எதுவும் இருக்கவில்லை. அதே பருமனான பாரையை 30 இறாத்தல் நூலில் பத்து நிமிடத்துக்குள் கொண்டுவந்து விட்டிருக்கிறேன், அவை வாலை அடித்துக்கொண்டு போயிருக்கின்றன.

மெல்லிய நூலில் பெரிய மீனைப் பிடிப்பதைத் திறமை என்று நம்மவர்கள் புகழ்கிறார்கள். சிறு மீனுக்கு மெல்லிய நூல் என்பதில் எனக்கு மறுப்பில்லை. பாரையும் அறக்குளாவும் ஓடுகிற இடத்தில் அதை எடுத்துப்போவது சரியில்லை.

படுவான்கரையிலிருந்து

நான் லூர் வீசுபவள் அல்ல. என் தகப்பனார் வாவியில் வலை படுத்தி எங்களை வளர்த்தவர். தம்பி ஒருவன் தடியோடு திரிவதால் இதை வாசிக்க நேர்ந்தது.

இரவில் வலை எங்கே கிடக்கிறது என்று தெரியாமல்தான் பெரும்பாலும் இப்படி நடக்கிறது. எங்கள் பக்கத்தில் வலைக்கு இரண்டு தலைமாட்டிலும் பெரிய மிதப்பையோ வெறும் போத்தலையோ கட்டுவார்கள், இடையில் இருப்பவை சிறியவை. ஆகையால் இரண்டு பெரிய மிதப்புகளைக் கண்டால், இடையில் எதுவுமே தெரியாவிட்டாலும் அங்கே வலை இருக்கிறது என்று கொள்ளுங்கள். பொழுது படும் நேரத்தில் படுத்தி விடியுமுன் இழுப்பது வழக்கம் என்பதால், வெளிச்சம் இருக்கும்போதே கரைக்கு வந்து ஒரு முறை பார்த்துவிட்டால் போதும்.

இன்னொரு வேண்டுகோள். வெட்டிய பின்னல் நூலைக் கரையில் போடாதீர்கள். தங்கூசியாவது கண்ணுக்குத் தெரியும். அந்த மெல்லிய நூல் கண்ணா மரங்களின் வேர்களில் சுற்றிக்கொண்டு கிடப்பது தெரிவதில்லை, மக்குவதும் இல்லை. வேருக்கிடையில் கை விட்டு நண்டு தேடும் பெண்களின் விரலை அது அறுத்துவிடும். என் தாயாரின் சுட்டுவிரலில் அந்தத் தழும்பு இருக்கிறது.

மீண்டும் கல்லடியிலிருந்து

தங்கச்சி சொன்ன பெரிய மிதப்பு விவரம் எனக்கும் அந்தப் பெரியவர் சொல்லித்தான் தெரியும். நான் முதலிலேயே அதை எழுதியிருக்க வேண்டும். நூல் துண்டுகளுக்கு இடுப்பில் ஒரு சிறு போத்தல் கட்டிக்கொள்கிறேன், நிறைந்ததும் வீட்டில் எரிக்காமல் குப்பையோடு கட்டிக் கொடுத்துவிடுகிறேன்.

உல்லைத் தம்பியின் பாரையைப் போல எனக்கும் ஒன்று நேர்ந்ததுண்டு. அதனால் கொடுவா விடயத்தில் ஒன்றைச் சேர்க்கிறேன். கொடுவா முதலில் ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகள் கழிந்து வளர்ந்த பின்னரே பெண்ணாக மாறும் மீன். மிகப் பெரியவை அனேகமாக எல்லாமே முட்டையிடும் தாய்கள். ஆகவே கைக்கு நீளமாக வருவதை நான் விரைவாகக் கரைசேர்த்து, நீரை விட்டு எடுக்காமலே தூண்டிலைக் கழற்றிவிடுகிறேன். இரண்டு கிலோ மட்டத்தில் ஒன்றைக் கறிக்கு எடுத்துக்கொள்வேன். எதிர்முள் இல்லாத ஒற்றைத் தூண்டில் இந்த இடத்தில் கொடுக்கும் வசதியைச் செய்து பார்த்தவர்கள் அறிவார்கள்.

பெரியவர் இன்னமும் அதே இடத்தில்தான் வலை படுத்துகிறார். பெருவிரல் முழுதாக மடங்குவதில்லை. பொழுது பட்டு நான் பாலத்தடிக்கு இறங்கும்போது, அவர் தோணியில் நின்றபடி தாங்குகம்பை உயர்த்தி, அன்று வலை எந்தப் பக்கம் போகிறது என்று காட்டுவார். நான் கைவிளக்கை இரண்டு முறை அணைத்து ஏற்றிவிட்டு, மறுபக்கம் திரும்பி வீசத் தொடங்குவேன்.