பள்ளிக்கு டேப்லெட் கொண்டுவரலாம் என்று கடிதம் வந்திருக்கிறது, கையெழுத்துப் போடுவதா?

செந்தூல் அம்மா:
வணக்கம். பையன் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு. போன வாரம் பள்ளிப் பையில் ஒரு கடிதம் இருந்தது. இனி புதன்கிழமைகளில் கணிதம், அறிவியல் பாடங்களுக்கு டேப்லெட்டோ மடிக்கணினியோ வீட்டிலிருந்து கொண்டுவரலாமாம், கைப்பேசி மட்டும் கூடாதாம். 'விருப்பமுள்ளவர்கள் மட்டும்' என்றுதான் போட்டிருக்கிறது, ஆனால் கையெழுத்துப் போடும் கோட்டுக்கு மேலேயே 'தொலைந்தாலும் உடைந்தாலும் பள்ளி பொறுப்பேற்காது' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. எங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு டேப்லெட். 2020இல் கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது வாங்கியது, மூலையில் கண்ணாடி விரிசல் விட்டு செலோடேப் ஒட்டி வைத்திருக்கிறேன். மூன்று பிள்ளைகளுக்கும் அதுதான். இவன் எடுத்துக்கொண்டு போய்விட்டால் இடைநிலைப்பள்ளியில் படிவம் ஒன்றில் படிக்கும் மூத்தவள் வீட்டுப்பாடத்தை எதில் செய்வாள்? கொண்டுவராத பிள்ளைகள் என்ன செய்வது என்று கேட்டதற்கு, 'பக்கத்தில் இருப்பவரோடு சேர்ந்து பார்க்கலாம்' என்றார்கள். உங்கள் பிள்ளைகளின் பள்ளியில் எப்படி?

பத்துமலை அப்பா:
வாங்கிக் கொடுத்துவிடுங்கள் அக்கா. என் மகன் படிவம் இரண்டு, லோயாட் பிளாசாவில் பழைய குரோம்புக் மடிக்கணினி ஒன்று தேடிப்பிடித்து வாங்கிக் கொடுத்தேன், நன்றாகத்தான் ஓடுகிறது. பாடநூல்களே மலேசியக் கல்வி அமைச்சின் இணையக் கற்றல் தளமான டெலிமாவில் கிடைக்கின்றன, பை கனமும் குறையும். யூடியூப் பயம் இருந்தால் கூகுளின் ஃபேமிலி லிங்க் செயலியைப் போட்டு நேரத்தைக் கட்டுப்படுத்திவிடலாம். நாம்தான் பயந்துகொண்டே இருக்கிறோம், பிள்ளைகள் எப்போதோ முன்னே போய்விட்டார்கள்.

பட்டர்வொர்த் வாத்தியார்:
பை கனம் குறையும் என்பதை மட்டும் நம்பாதீர்கள் சார். புத்தகமும் வருகிறது, அதன் மேல் ஒரு கிலோவுக்கு மேல் மடிக்கணினியும் வருகிறது.

நான் ஆரம்பப்பள்ளி ஆசிரியர். டெலிமாவுக்கு முன்பிருந்த ஃப்ராக் என்ற கற்றல் தளம் வந்ததையும் பார்த்தேன், 2019இல் அது போனதையும் பார்த்தேன், 2020 ஜூனில் டெலிமா வந்ததும் முதலில் உள்ளே நுழைந்தவர்களில் நானும் ஒருவன், அதனால் இதற்கு எதிரி என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் வகுப்பில் நடப்பதைச் சொல்கிறேன். ஒரு பாடவேளை 30 நிமிடம். டெலிமாவுக்குள் நுழைய வேண்டிய, எம் என்று தொடங்கும் அடையாள எண்ணை நாலைந்து பேர் மறந்திருப்பார்கள், இரண்டு பேருக்குக் கடவுச்சொல் வேலை செய்யாது, ஒருத்தன் சார்ஜ் போடாமல் வந்திருப்பான், வகுப்பில் பிளக் பாயின்ட் இரண்டு, அதில் ஒன்றில் காற்றாடி ஓடுகிறது. எல்லாரும் உள்ளே வருவதற்குள் பாதி நேரம் போய்விடும். இருந்தும் பின்னத்தை நகர்த்திப் பார்த்துப் படிக்கும்போது சில பிள்ளைகளின் முகத்தில் வரும் அந்தத் தெளிவு வெண்பலகையில் எழுதிக்காட்டினால் வருவதில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

15 வயது மாணவர்களைப் பல நாடுகளில் சோதிக்கும் பீசா தேர்வின் 2022 முடிவுகளிலும் இந்த இரண்டு பக்கமும் இருக்கிறது. பள்ளியில் படிப்புக்காக நாளுக்கு ஒரு மணி நேரம் வரை சாதனம் பயன்படுத்தியவர்கள், தொடவே தொடாதவர்களைவிடக் கணிதத்தில் சராசரியாக 14 புள்ளி கூடுதலாக எடுத்திருக்கிறார்கள். ஆனால் பக்கத்தில் இருப்பவர் சாதனத்தை நோண்டுவதால் சில கணிதப் பாடங்களிலாவது கவனம் சிதறுகிறது என்று அந்தத் தேர்வை நடத்தும் ஓஇசிடி கூட்டமைப்பின் நாடுகளில் சராசரியாக 59 விழுக்காட்டு மாணவர்கள் சொல்லியிருக்கிறார்கள். 'பக்கத்தில் இருப்பவரோடு பார்க்கலாம்' என்று சொன்னவர் இதை யோசித்திருக்க மாட்டார்.

நான் செய்வது இதுதான்: நாலு பேருக்கு ஒரு சாதனம், அது யாருடையதோ அந்தப் பிள்ளை தாளில் எழுத வேண்டும், மற்ற மூவரும் முறை வைத்துத் தொடுவார்கள். இல்லையென்றால் வைத்திருப்பவன் ராஜா, மற்றவர்கள் வேடிக்கை பார்க்கும் கூட்டம்.

ஆயிர் ஈத்தாம் அம்மா:
டீச்சர்மாருக்கு அது சுலபம் சார், நான் தவணை கட்டி வாங்கிய டேப்லெட்டை மூன்று பிள்ளைகள் மாறி மாறித் தொட்டு யாராவது கீழே போட்டால் யாரைக் கேட்பது? எங்கள் சின்னவளுக்கு அப்படித்தான் ஆனது. யார் போட்டது என்றே கடைசிவரை தெரியவில்லை, 180 ரிங்கிட் கொடுத்துக் கண்ணாடி மாற்றினேன்.

பட்டர்வொர்த் வாத்தியார்:
நியாயமான கேள்வி அக்கா, அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. அதனால்தான் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் பேசி வகுப்புக்கு நாலைந்து டேப்லெட் பள்ளியின் பெயரிலேயே வாங்கி அலமாரியில் பூட்டி வைக்கலாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம். செந்தூல் அக்கா, அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். ஓய்வு நேரத்தில் பொருள் எங்கே இருக்கும், யார் பூட்டுவார்கள், இதை மட்டும் எழுத்தில் கேளுங்கள். அப்புறம், கொடுத்தால் சீரியல் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் சொந்தக் கணக்கிலிருந்து வெளியேறிவிட்டுக் கொடுங்கள். வங்கிச் செயலி திறந்திருக்கும் டேப்லெட்டை ஒரு பிள்ளை கொண்டுவந்து பார்த்திருக்கிறேன்.

செந்தூல் அம்மா:
எல்லாருக்கும் நன்றி. இந்த வருடம் டேப்லெட் வீட்டிலேயே இருக்கட்டும் என்று முடிவு செய்துவிட்டேன், சங்கக் கூட்டத்தில் அந்த அலமாரி விஷயத்தைக் கேட்கிறேன். பையனிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் தயங்கினேன். அவன், 'பரவாயில்லம்மா, புதன்கிழமைக்கு யார் பக்கத்தில் உட்காருவது என்று ஏற்கெனவே பேசிவைத்துவிட்டேன், அவனோடது பெரிய ஸ்கிரீன்' என்கிறான்.