அலுவலக நண்பர்கள் சந்திப்பு: பயணம் செய்ய வேண்டியவர் யார்?

கேள்வி:
ஒரே அலுவலகத்தில் பணியாற்றிய நால்வரில் ஒருவர் இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள பொத்துவிலுக்கு இடமாற்றம் பெற்றுச் சென்றுவிட்டார். மற்ற மூவரும் மட்டக்களப்பில் இருப்பதால், ஒவ்வொரு சந்திப்புக்கும் அவரே நூறு கிலோமீற்றருக்கு மேல் பேருந்தில் வருகிறார். அவர் குறை கூறியதில்லை. ஆயினும் எனக்கு மனம் ஒப்பவில்லை. இதை எவ்வாறு தீர்மானிப்பது?

மறுமொழி 1:
இடைவழியிலுள்ள கல்முனையில் சந்தியுங்கள். உங்களுக்கு ஏறக்குறைய 40 கிலோமீற்றர்தான்.

மறுமொழி 2:
கல்முனை மட்டக்களப்பாருக்கே வசதி. நடுவிடம் என்றால் அக்கரைப்பற்றுதான் பொருந்தும். ஆனால் தூரத்தை மட்டும் அளந்து பயனில்லை. மட்டக்களப்புக்குத் தெற்கே தொடருந்தும் இல்லாத நிலையில், மாலையில் கடைசிப் பேருந்தைத் தவறவிடுவோமோ என்று தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருப்பவர் யாரோ, அவருடைய வசதிக்கு ஏற்பவே இடத்தையும் நேரத்தையும் குறிக்க வேண்டும்.

மறுமொழி 3:
மூவர் சேர்ந்து ஒரு வான் வண்டியில் பொத்துவிலுக்குப் போனால் தலைக்கு விழும் செலவு குறையும். அருகிலுள்ள அறுகம்குடாக் கடற்கரையையும் பார்த்து வரலாம். அடுத்த முறை அவர் வரும்போது பயணச் செலவை நால்வரும் பகிர்ந்துகொள்ளுங்கள். தனியாக வருபவரே எப்போதும் முழுச் செலவையும் சுமப்பது, என் பார்வையில், நட்புக்கு அழகில்லை.

கேட்டவர்:
நன்றி. முதலில் பொத்துவிலுக்கே செல்கிறோம். வானுக்கு இன்றே சொல்லிவிடுகிறேன்.