அம்மாவுக்கு வீட்டிலேயே உடற்பயிற்சி: உங்கள் அனுபவம் என்ன?

கூடலூர் மகள் (தேனி):
அம்மாவுக்கு 68 வயது. குமுளிக்கு மேலே ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போய், செடியின் அடியில் குனிந்து காய் எடுத்தே எங்களை வளர்த்தவர். பிசியோ (இயன்முறை சிகிச்சை தருபவர்) சொன்னபடி நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்திருக்கச் சொன்னேன். "காய் எடுத்தவளுக்கு எதுக்குடி இதெல்லாம்?" என்றார். அப்புறம் எழப் பார்த்தார், முடியவில்லை. கை தானாகத் தொடைக்குப் போனது. என்னைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. இப்போது இரண்டு தலையணை போட்டு உயரமாக்கி எழுகிறார்.

செங்கோட்டை மருமகள்:
நாற்காலிப் பயிற்சி சரி. ஆனால் பிசியோ சொன்னார், வீடியோவில் வந்தது என்று எல்லாவற்றையும் செய்ய வைக்காதீர்கள். என் மாமியார் வீடியோ பார்த்து, காலை நீட்டி உட்கார்ந்து குனிந்து விரலைத் தொட்டார். தொட்டவர் நிமிரவில்லை. கத்தவும் இல்லை, விரலைப் பிடித்தபடியே இருந்தார். எக்ஸ்ரேயில் முதுகெலும்பில் ஒரு எலும்புக் கட்டை நொறுங்கி அமுங்கியிருந்தது. மாதவிடாய் நின்றபின் எலும்பு மெலிந்துபோவது வெளியே தெரியாதாம்.

சித்தூர்க்காரி (பாலக்காடு):
செங்கோட்டை அக்கா, இப்படிச் சொன்னால் பயந்து எல்லோரும் படுத்துவிடுவார்கள். எலும்பு மெலிந்தவர்களுக்குத்தான் பயிற்சி அதிகம் தேவை, முதுகை வளைத்துக் குனிவதும் முறுக்குவதும்தான் ஆகாது. தொடையின் பின்பக்கத்தை நீட்ட வேண்டுமா? நாற்காலி நுனியில் உட்கார்ந்து ஒரு காலை நீட்டி, முதுகை நேராக வைத்து இடுப்பிலிருந்து லேசாக முன்னால் சாய்ந்தால் போதும். 30 விநாடி நிறுத்துங்கள். ஆட்டி ஆட்டி இழுக்க வேண்டாம், மூச்சையும் அடக்க வேண்டாம். கொஞ்சம் நடந்து உடம்பு சூடானபின் செய்வது நல்லது. 65 தாண்டியவர்களுக்கு வாரம் 2 நாளாவது தசை வலுப் பயிற்சி, 3 நாளாவது தடுமாறாமல் நிற்கும் பயிற்சி என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது. நீட்டுவது மட்டும் போதாது. சமையல் மேடையைப் பிடித்துக் குதிகாலை உயர்த்தி இறக்கலாம், சுவரில் கை வைத்துத் தள்ளலாம். என் அம்மா குளியலறையில் வழுக்கியபோது, குதிகால் பயிற்சியால்தான் சமாளித்து நின்றார் என்று நம்புகிறேன்.

கூடலூர் மகள் (தேனி):
அம்மா தினமும் காலையில் குனிந்து விரலைத் தொடுகிறார். இன்றே நிறுத்தச் சொல்கிறேன். செங்கோட்டை அக்கா, எலும்பு அடர்த்தி பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்தீர்களா? தேனியிலேயே எடுக்கலாமா, மதுரைக்குப் போகணுமா?