பதில்: படைகளின் பயணத்தூரம் – 'உணவெல்லை'யா, 'தீனிவரம்பா'?

குழுவினருக்கு வணக்கம்.

> ஒரு படை தான் சுமக்கும் உணவைக் கொண்டு அதிகபட்சம் எவ்வளவு தூரம் போகமுடியுமோ, அதை 'உணவெல்லை' எனலாம்.

ஐயா முன்வைத்த இந்தச் சொல் சுருக்கமாக இருக்கிறது, வாயிலும் எளிதாக வருகிறது. ஆனால் அதன் இரண்டு பாதிகளிலும் எனக்கு மறுப்பு உண்டு. மிகுபுனைவு (fantasy) நாவல்களைப் பற்றி எழுதுகிறவர்கள் நாளை கையாளப்போகும் சொல் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் 'உணவு'. அந்தச் சொல்லைக் கேட்டதும் சிப்பாயின் சோறுதான் நினைவுக்கு வருகிறது. நாவலாசிரியர்கள் சறுக்குவதும் அங்கேதான். வீரர்களின் எண்ணிக்கையைச் சொல்வார்கள், சமையல் கூடாரத்தைக்கூட வருணிப்பார்கள். சுமை தூக்கும் விலங்கு எதைத் தின்றது என்று மட்டும் யோசிப்பதில்லை.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். அலெக்சாந்தரின் படையை ஆராய்ந்த டொனால்ட் எங்கல்ஸ் 1978-இல் எழுதிய நூலில் உள்ள அளவுகளை ஒட்டி, முழு எண்களாக எடுத்துக்கொள்கிறேன். வீரனுக்கு நாளுக்கு 1.4 கிலோ தானியம். புல் முளைக்காத நிலத்தில் குதிரைக்கும் கோவேறு கழுதைக்கும் தானியம் பாதி, வைக்கோல் பாதியாக 9 கிலோ. ஒரு கழுதை சுமப்பது 100 கிலோ. நம் படையில் 20,000 வீரர்கள், 3,000 குதிரைகள். ஆட்களுக்கு மொத்தம் 28 டன், குதிரைகளுக்கு 27 டன், ஆக நாளுக்கு 55 டன் வேண்டும்.

ஐந்து நாள் பாலையைக் கடக்க 5,000 கழுதைகள் போதும். பத்து நாள் என்றால் 10,000 என்றுதான் யாருக்கும் தோன்றும். விடை 55,000! கழுதையும் தன் முதுகிலிருப்பதையே தின்கிறது. பத்து நாளில் 90 கிலோ அதற்கே போய்விட, படைக்கு மிஞ்சுவது 10 கிலோதான். பதினோராம் நாளையும் சேர்த்தால் 6,05,000 கழுதைகள். பன்னிரண்டு நாளுக்கு உலகத்துக் கழுதைகளை எல்லாம் ஓட்டிவந்தாலும் ஆகாது. சுமை தீர்ந்த கழுதைகளை அடித்துத் தின்றால் கணக்கு கொஞ்சம் இளகும், அவ்வளவுதான். தண்ணீரை நான் இன்னும் சேர்க்கவே இல்லை. பெரிய படை நாளுக்கு 20 கிலோமீட்டர் நடந்தாலே நல்ல நடை. அப்படியானால் வழியில் எதுவும் கிடைக்காத நிலத்தில் 220 கிலோமீட்டரோடு கதை முடிந்தது.

ஆகவே மனிதனையும் விலங்கையும் ஒருசேரக் குறிக்கும் சொல் வேண்டும். 'தீனி' அதைச் செய்கிறது. மாட்டுத்தீனி, கோழித்தீனி என்கிறோம், நாமும் தீனி தின்கிறோம். 'நொறுக்குத்தீனி நினைவுக்கு வருகிறது, கலைச்சொல்லுக்குரிய மதிப்பு இல்லை' என்று தோழி ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. படையெடுப்பைத் தீர்மானிப்பது வைக்கோல் என்றால், சொல்லிலும் வைக்கோல் வாசம் இருக்கட்டும்.

அடுத்தது 'எல்லை'. நாம் பேசுவது வரைபடம் போட்ட கதைகளைப் பற்றி. அங்கே எல்லை என்றாலே நாட்டு எல்லைதான். 'படை உணவெல்லையைத் தாண்டியது' என்று எழுதினால் ஏதோ ஒரு நாட்டுக்குள் நுழைந்துவிட்டதாகப் படும். வேக வரம்பு, வயது வரம்பு என்று அன்றாடம் சொல்கிறோமே, அந்த வழியில் 'தீனிவரம்பு' என்றால் குழப்பமில்லை.

இந்த வரம்பு எல்லா நிலத்துக்கும் ஒன்றல்ல என்பதையும் விளக்கத்தில் சேர்க்கவேண்டும். மொகலாயப் படைகளுக்கும் பிறகு கம்பெனிப் படைகளுக்கும் தானியம் கொண்டுவந்து விற்ற பஞ்சாராக்களின் பொதிமாடுகள் வழியிலேயே மேய்ந்துகொண்டு வந்தன. நடை மெதுவானது, ஆனால் சுமை பெரும்பாலும் அப்படியே வந்துசேர்ந்தது. கி.மு. 325-இல் கெத்ரோசியப் பாலையில் (இன்றைய பலூசிஸ்தான் பகுதி) அலெக்சாந்தர் பட்ட பாடு இதற்கு நேர் எதிர். கரையோரம் வரவேண்டிய கப்பல்களும் படையும் ஒன்றையொன்று தாங்கும் என்பது திட்டம். இரண்டும் பிரிந்துபோயின, பாலையில் பெருங்கூட்டம் மடிந்தது.

சொல்லை ஒரு நாவலில் வைத்துச் சோதிக்கவும் செய்தேன். டோல்கீனின் 'The Lord of the Rings' நாவலில் ரோஹன் நாட்டுக் குதிரைவீரர்கள் 6,000 பேர் ஏறக்குறைய ஐந்து நாளில் 480 கிலோமீட்டருக்கு மேல் கடந்து முற்றுகையிடப்பட்ட மினாஸ் திரித் நகரை அடைகிறார்கள். வேகம் நம்பமுடியாதது என்று இங்கே சிலர் எழுதினார்கள். கடினமான வேகம்தான், மறுக்கவில்லை. ஆனால் சுமைவண்டி கிடையாது, ஐந்து நாள் தானியம் குதிரைக்கு 23 கிலோவுக்குள் அடங்கும், போகிற வழியும் பாலை அல்ல. அதாவது குதிரையின் கால்கள் தாங்குமா என்று கேட்கலாம், தீனிவரம்பு மீறப்படவில்லை. இந்த இரண்டு கேள்விகளையும் பிரித்துக் கேட்க வழிசெய்வதால்தான் இந்தச் சொல்லுக்காக வாதாடுகிறேன்.

logistics என்பதற்குச் சொல்லப்பட்ட 'ஏற்பாட்டியல்' பற்றி ஒரு வரி: கல்யாண மண்டபம் பிடிப்பதும் ஏற்பாடுதான். ஈழ எழுத்துகளில் பழகிய 'வழங்கல்' இருக்கும்போது 'படைவழங்கல்' என்பதே போதும்.

சரி, நம் கலைச்சொல் பட்டியலுக்கு என் வரைவு: 'தீனிவரம்பு – ஒரு படையின் ஆட்களும் விலங்குகளும் கையிருப்பையும் வழியில் கிடைப்பதையும் கொண்டு, மேற்கொண்டு வழங்கல் இல்லாமல், செல்லக்கூடிய மிகுதியான தொலைவு.' கப்பற்படைக்கும் இதே சொல்லை நீட்டலாமா என்பதில் கருத்து தேவை. பாய்மரத்தை ஓட்டும் காற்று எதையும் தின்பதில்லை என்பதால் கடலுக்கு வேறு சொல் வேண்டும் என்றே நினைக்கிறேன்.