மங்கிவரும் கடித நகல்களை ஸ்கேன் செய்வது எப்படி?

கேள்வி: ரைன் நதிக்கரைச் சாயத் தொழிற்சாலை ஒன்றின் 1890-களின் கடித நகல் புத்தகங்களை மின்வடிவமாக்குகிறோம். மெல்லிய தாள், அடுத்த பக்க எழுத்தும் சேர்ந்தே தெரிகிறது. ஊதா மை வேறு மங்குகிறது. என்ன செய்யலாம்?

பதில் 1: தாளுக்கு அடியில் வெள்ளை அட்டையைச் செருகுங்கள். தாளைத் தானாக இழுக்கும் ஸ்கேனர் பக்கமே போகாதீர்கள், கிழித்துவிடும். அந்த ஊதா மை, அனிலின் என்ற வேதிப்பொருளிலிருந்து செய்த சாய மை; வெளிச்சத்தைத் தாங்காது. சாயம் விற்றவர்களின் கடிதமே சாயம் வெளுக்கிறது, பாருங்கள்!

பதில் 2: குர்ரென்ட் என்ற பழைய ஜெர்மன் கையெழுத்தை டிரான்ஸ்கிரிபஸ் என்ற கையெழுத்து வாசிப்பு மென்பொருள் ஓரளவு படிக்கும். வேதிப்பெயர்களைக் கையால் சரிபார்த்தே ஆக வேண்டும்.

பதில் 3: பழைய கோப்பு எண்ணை மாற்றாமல் பதியுங்கள். 1925-இல் பி.ஏ.எஸ்.எஃப்., பேயர், ஹோக்ஸ்ட் முதலிய ஜெர்மன் சாய நிறுவனங்கள் ஐ.ஜி. ஃபார்பன் என்ற ஒரே நிறுவனமாக இணைந்தன, இரண்டாம் உலகப் போருக்குப்பின் நேச நாடுகள் அதைப் பிரித்தன. அதனால் ஒரே விவகாரத்தின் தாள்கள் வெவ்வேறு காப்பகங்களில் கிடக்கலாம். அந்த எண்தான் அவற்றைச் சேர்க்கும்.