பின் சஸ்பென்ஷன் புஷ்: ஊர் ரோட்டுக்கும் ட்ராக்குக்கும் ஒரே வண்டின்னா எதைப் போடுறது?

காட்பாடி:
வண்டி ஃபோக்ஸ்வேகன் போலோ, பின்னாடி ட்விஸ்ட் பீம் (ரெண்டு பின்சக்கரத்தையும் இணைக்கிற, முறுக்கிக் கொடுக்கிற ஒரே சட்டம்). அந்த பீமை பாடியோட பிடிக்கிற புஷ் (ரப்பர் உருளை) ரெண்டுலயும் ரப்பர் விட்டுப்போச்சு. வாரநாள்ல காட்பாடி – ராணிப்பேட்டை ஓட்டம், வருஷத்துக்கு நாலஞ்சு தடவை இருங்காட்டுக்கோட்டை ட்ராக். கம்பெனி ரப்பரா, பாலியா (பாலியூரிதேன்)? 95 ஷோர் (கெட்டித்தன்மை அளவு) பாலி போட்டா பின்பக்கம் கல்லு மாதிரி நிக்கும்னு சொல்றாங்க. இந்த மாதிரி வண்டிகள்ல கை வெச்சவங்க, கண்ணால பார்த்ததை எழுதுங்க.

ராணிப்பேட்டை:
தம்பி, ஷோர் நம்பரை அப்புறம் பார்ப்போம். அந்த புஷ் எந்தப் பக்கம் அசையணும், எந்தப் பக்கம் அசையக் கூடாதுன்னு முதல்ல தெரியணும்.

ட்விஸ்ட் பீம் முழுசையும் பாடியோட பிடிச்சிருக்கிறது ரெண்டே புஷ்தான். டயர் அதுக்குப் பின்னாடி இருக்கு. இடது வளைவுல டயர் வாங்குற பக்கவாட்டு விசை பீமோட பின்பகுதியை இடது பக்கம் தள்ளும். அப்போ வலது புஷ் பின்னால போகும், இடது புஷ் முன்னால வரும், ரெண்டு பின்சக்கரமும் சேர்ந்து வளைவுக்கு வெளியே பார்க்கும். ரெண்டு புஷ்ஷுக்கும் நடுவுல 1100 மி.மீ. இருக்குன்னு வெச்சுக்குங்க. ஒவ்வொண்ணும் 2 மி.மீ. நகர்ந்தா பீம் 0.2 டிகிரி திரும்பிடும். 15 இஞ்ச் ரிம் விளிம்புல அது கிட்டத்தட்ட ஒன்றரை மி.மீ. டோ (சக்கரம் உள்ளே வெளியே பார்க்கிற அளவு) மாற்றம். தேஞ்ச புஷ் இருக்கிற வண்டி, ஸ்டீயரிங் திருப்பின அரை நொடிக்கு அப்புறம் பின்பக்கத்தைத் தூக்கிப் போடுற மாதிரி இருக்கும். காரணம் இதுதான்.

இதைத் தெரிஞ்சுதான் நிறைய கம்பெனிகள் அந்த புஷ்ஷை நேரா வைக்காம சாய்ச்சு வைக்கிறாங்க, ரப்பருக்குள்ள ஒரு பக்கம் பள்ளம் விடுறாங்க. ஒரு திசையில மெத்து, இன்னொரு திசையில இறுக்கம். அந்த வேலையை முழு வட்டப் பாலி செய்யாது, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இறுக்கும். இன்னொண்ணு, வண்டி சாயும்போது பீம் முறுக்கணும். அப்போ புஷ் சுத்தினா மட்டும் போதாது, கொஞ்சம் சாயவும் வேணும். 95 ஷோர் அந்தச் சாய்வுக்கு இடம் கொடுக்காது. பின்பக்க ரோல் இறுக்கம் (வண்டி சாயுறதை எதிர்க்கிறது) ஏறிடும், வளைவு நடுவுல ஆக்சிலரேட்டரை விட்டா பின்பக்கம் வழுக்கும். கல்லு மாதிரி நிக்கிறது உண்மைதான், ஆனா நிக்க வேண்டிய நேரத்துல நிக்காது.

உங்க ஓட்டத்துக்கு என் தீர்ப்பு: புது கம்பெனி ரப்பர். பாலிதான் வேணும்னா 80 ஷோரைத் தாண்டாதீங்க.

ஆம்பூர்:
அண்ணா சொன்னதோட ஒண்ணு சேர்க்கிறேன். புது ரப்பர் போட்டு ஆறே மாசத்துல கிழிஞ்சதுன்னு வர்ற வண்டிகள்ல, பாதிக்கு மேல பொருள் தப்பு இல்ல, முடுக்கின விதம் தப்பு.

ரப்பர் புஷ், போல்ட் நுழையுற உள் ஸ்லீவோடயும் வெளி ஓட்டோடயும் ஒட்டி வார்த்தது. சுத்தாது, முறுக்கிக் கொடுக்கும். வண்டியை லிஃப்ட்ல தூக்கி, சக்கரம் தொங்கிட்டு இருக்கும்போதே போல்ட்டை முடுக்கிட்டா, கீழே இறக்கின நிமிஷத்துலயே ரப்பர் முறுக்கி நிக்கும். புஷ்ல இருந்து சக்கர நடு வரைக்கும் 400 மி.மீ., தொங்கல் 80 மி.மீ.னா 11 டிகிரிக்கு மேல முறுக்கு. வண்டி சும்மா நிக்கும்போதே அவ்வளவு. ஸ்பீடு பிரேக்கர்ல ஏறும்போது அதுக்கு மேல முறுக்கினா ரப்பர் எங்க போகும்? உள் ஸ்லீவ் ஓரமா எதிரெதிரே ரெண்டு இடத்துல பிளக்கும். டார்ச் அடிச்சுப் பார்த்தா பிறை மாதிரி வெடிப்பு, அதைச் சுத்திக் கருப்புப் பொடி படிஞ்சிருக்கும். ரெண்டு பிறை எதிரெதிரே இருந்தா, பெரும்பாலும் தொங்கவிட்டு முடுக்கினதுதான்.

செய்முறை: வண்டி தரையில நிக்கும்போதே சக்கர நடுவுல இருந்து ஃபெண்டர் ஓரம் வரைக்கும் அளந்து எழுதிக்குங்க. உதாரணமா 360 மி.மீ. புஷ் மாத்தினதும் போல்ட்டைக் கையால மட்டும் ஏத்துங்க. ஜாக்கியை ஹப் கீழ வெச்சு அதே 360 வர்ற வரைக்கும் தூக்கி, அப்புறம் டார்க் ரெஞ்ச் (முடுக்குற விசையை அளந்து காட்டுற ஸ்பேனர்). டார்க் அளவு வண்டிக்கு வண்டி மாறும், மேனுவல்ல உள்ளதைத்தான் எடுக்கணும். டார்க்குக்கு மேல கோணமும் சொல்லியிருந்தா அந்த போல்ட் ஒரு தடவைக்குத்தான், புதுசு வாங்கணும். ட்ராக்குக்காக வண்டியை 25 மி.மீ. இறக்கியிருந்தா அந்தப் புது உயரத்துல முடுக்கணும், கம்பெனி உயரத்துல இல்ல. காயில்ஓவர் (உயரம் மாத்தக்கூடிய ஸ்பிரிங் செட்) போட்டவங்க இதைத்தான் மறக்கிறாங்க.

குடியாத்தம்:
பாலி பத்தி. சிப்காட் பக்கம் லேத்துல யூரிதேன் ராடைக் கடைஞ்சு புஷ் செய்து தர்றாங்க. பொருள் கெட்டது இல்ல. அளவுலதான் தப்பு வரும். ஸ்டீல் உள் ஸ்லீவ், பாலியோட நீளத்தைவிட 0.2 மி.மீ. அளவுக்காவது நீளமா இருக்கணும். அப்போதான் போல்ட் ஸ்லீவைப் பிடிக்கும், பாலி ஸ்லீவ் மேல சுத்தும். ஸ்லீவ் குட்டையா இருந்தா பிராக்கெட் பாலியை நசுக்கிப் பிடிக்கும். புஷ் சுத்தாது, ஆர்ம் இறுகும், சத்தம் வரும், கடைசியில பிராக்கெட் காதுல வெடிப்பு விழும். வெர்னியரை வெச்சு அளந்து பார்க்காம வாங்காதீங்க.

கிரீஸ் விஷயத்துல பிடிஎஃப்இ (டெஃப்லான்) கலந்த சிலிகான் கிரீஸ் மட்டும். சாதாரண பேரிங் கிரீஸ் ஒரு மழையில கழுவிப் போயிடும். நம்ம ஊர்ல மழையைவிடப் புழுதிதான் பிரச்சினை, அது கிரீஸோட சேர்ந்து எமரி மாதிரி ஸ்லீவைத் தேய்க்கும். 15 ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை கழட்டித் துடைச்சு மறுபடி பூசணும். அதுக்கு நேரம் இல்லாதவங்க ரப்பரோட இருக்கிறது நல்லது. பாலிக்கு ஒரு வசதி, ஸ்லீவ் தாராளமா சுத்துறதால தொங்கவிட்டு முடுக்கினாலும் முறுக்கு ஏறாது.

வாலாஜா:
மல்டிலிங்க் (ஒவ்வொரு பின்சக்கரத்துக்கும் தனித்தனியா பல ஆர்ம்) வெச்சிருக்கிறவங்களுக்கும் சேர்த்து எழுதுறேன். ஸ்கோடா லாரா, ஆக்டேவியா ஆர்எஸ் மாதிரி வண்டிகள்ல எல்லா புஷ்ஷையும் ஒரே செட்டா பாலிக்கு மாத்துறது காசைக் கொட்டித் தப்பு செய்யுறது. டோ லிங்க் (சக்கரத்தோட டோவைப் பிடிச்சு வைக்கிற ஆர்ம்) ஒரே தளத்துல சுத்துறது. அங்க இறுக்கின புஷ் போட்டா வண்டி உடனே நேராகும், சத்தமும் அதிகம் ஏறாது. முதல் செலவு அங்கதான். அடுத்து கீழ் ஆர்ம் உள்பக்கம். ஆனா டிரெய்லிங் ஆர்ம் (சக்கரத்துல இருந்து முன்னால போய் பாடியைப் பிடிக்கிற ஆர்ம்) முன் புஷ், ஆர்ம் மேலே கீழே போகும்போதே உள்ளே வெளியேயும் திரும்பணும். அங்க கெட்டிப் பாலி போட்டா சஸ்பென்ஷனே பிடிச்சுக்கும். அந்த ஒரு இடத்துக்கு ரப்பர், இல்லேன்னா ஸ்ஃபெரிக்கல் பேரிங். ஸ்ஃபெரிக்கல்னா எந்தப் பக்கமும் சுத்தும், இம்மியும் நகராது. ட்ராக்குக்கு அருமை. ஆனா சத்தம் முழுசும் பாடிக்கு வரும், தூசி உறை இல்லாம நம்ம ரோட்டுல நிலைக்காது.

பிஎம்டபிள்யூ இ46 கதையும் இதேதான். பின் டயர் உள்பக்கம் மட்டும் மொட்டையா தேஞ்சிருந்தா டிரெய்லிங் ஆர்ம் புஷ்ஷைப் பாருங்க. அதுக்குப் புது ரப்பரும் ரெண்டு பக்கம் லிமிட்டர் வாஷரும் போட்டா பக்கவாட்டு ஆட்டம் குறையும், ஆர்ம் திரும்புறதும் கெடாது. ரோட்டுக்கும் ட்ராக்குக்கும் பொதுவா ஓடுற வண்டிக்கு அதுவே சரி.

காட்பாடி:
ரப்பர்னு முடிவு பண்ணிட்டேன் அண்ணா. இன்னொரு யோசனை, புஷ் பள்ளத்துல ரெண்டு பாகம் கலக்கிற யூரிதேன் ஊத்திக் கெட்டிப்படுத்தலாமா?

ராணிப்பேட்டை:
புது புஷ்னா செய்யலாம், பழசுல வேண்டாம். வெடிச்ச ரப்பர், எண்ணெய் பட்ட ரப்பர், ரெண்டுலயும் ஒட்டாது. ஒரே மாசத்துல கட்டியா விழும். புதுசுலயும் பள்ளம் முழுக்க அடைச்சா அந்தத் திசை மெத்து போயிடும், வேலூர் – சென்னை ஹைவே பால இணைப்பு ஒவ்வொண்ணும் முதுகுல தெரியும். முதல்ல சும்மா ரப்பரோட ஒரு ட்ராக் நாள் ஓட்டுங்க. மே மாச வெயில்ல நாற்பது டிகிரில ஓட்டிப் பார்த்துட்டு அப்புறம் முடிவெடுங்க.

மாட்டும்போது: பழசை எடுக்கிறதுக்கு முன்னாடி அதுல இருக்கிற அம்புக்குறி, பள்ளம் எந்த மணி திசையில இருக்குன்னு பீம் மேல பெயிண்ட் மார்க்கர்ல கோடு போடுங்க. புதுசு அதே கோட்டுக்கு வரணும். 10 டிகிரி தப்பினாலும் அந்தச் சாய்வுக் கணக்கு கெட்டுடும். எவ்வளவு ஆழம் உள்ள போயிருக்குன்னும் அளங்க. பழைய புஷ்ஷோட வெளி ஓடு ஒட்டி நின்னா அதை நெருப்பு வெச்சு எடுக்காதீங்க, புகை கெடுதல், பீம் பெயிண்டும் போகும். ஆக்சா பிளேடால அந்த ஓடு முழுக்க ஒரு இடத்துல அறுத்து உள்ளே மடக்கினா தானா வரும். பீம் சுவரைத் தொடுறதுக்கு முன்னாடி நிறுத்தணும். உள் சுவரை 120 எமரில துடைச்சு, புதுசைச் சோப்புத் தண்ணி தடவி ஏத்துங்க. எண்ணெய், கிரீஸ் கூடாது. எம்14 திரெட் ராடு, ரெண்டு கப், தடிச்ச வாஷர் இருந்தா வண்டிக்குக் கீழேயே இழுத்துடலாம். சுத்தியால அடிச்சு ஏத்தினா ஓடு கோணும்.

பீமை இறக்குறதுக்கு முன்னாடி ஸ்பிரிங்கைக் கழட்டி, பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் ஒயர், ஹேண்ட்பிரேக் கேபிள் மூணுக்கும் தளர்வு இருக்கான்னு பாருங்க. பிராக்கெட் துளை நீளமா இருக்கிற வண்டியில பிராக்கெட்டோட பழைய இடத்தையும் கோடு போட்டு வைக்கணும். அங்க 1 மி.மீ. மாறினாலும் வண்டி கோணலா ஓடும்.

ஆம்பூர்:
முடிச்சதும் அலைன்மென்ட்ல பின் டோ, த்ரஸ்ட் ஆங்கிள் (பின்சக்கரங்கள் சேர்ந்து பார்க்கிற திசை வண்டி நடுக்கோட்டுல இருந்து விலகுற கோணம்) ரெண்டையும் பிரிண்ட் எடுத்து வைங்க. 500 கிலோமீட்டர்ல ஒரு தடவை டார்க் பாருங்க. போல்ட் தலையிலயும் பிராக்கெட்லயும் சேர்த்து ஒரு வெள்ளைக் கோடு போட்டுடுங்க. இருங்காட்டுக்கோட்டையில கடைசி ரவுண்டு முடிஞ்சு டயர் ஆறுற நேரத்துல குனிஞ்சு அந்தக் கோட்டைப் பாருங்க. கோடு விலகியிருந்தா அங்கேயே ஜாக்கி வெச்சு, எழுதி வெச்ச உயரத்துக்குத் தூக்கி முடுக்குங்க. வேலூருக்குத் திரும்ப இன்னும் 100 கிலோமீட்டர் இருக்கு, அதே புஷ்லதான் வரணும்.