ரோசன்போர்க் அணியின் கையொப்பமிட்ட பழைய ஜேர்சி: 1996ஆம் ஆண்டுடையது என்பதை எப்படி உறுதிசெய்வது?

வடகரையான் (கேள்வி)

நண்பர்களுக்கு வணக்கம். நான் நோர்வேயின் ட்ரொண்ட்ஹெய்மில் வசிப்பவன். எங்கள் ஊர்க் கால்பந்து அணியான ரோசன்போர்க்கின் வீரர்கள் கையொப்பமிட்ட வெள்ளை ஜேர்சிகளைச் சேர்த்து வருகிறேன். இதுவரை என்னிடம் உள்ளவை எல்லாம் லெர்கெண்டால் மைதானத்தை ஒட்டியுள்ள பிராக்கா கழக இல்லத்தின் வாசலில் காத்திருந்து, பயிற்சிக்குப் போகும் வீரர்களிடம் நானே நேரில் கேட்டு வாங்கியவை. ஆகையால் அவை உண்மையானவையா என்ற கேள்வியே எழுந்ததில்லை. இப்போது முதன்முறையாக ஒரு பழைய ஜேர்சியை இன்னொருவரிடமிருந்து விலைக்கு வாங்க எண்ணுகிறேன்.

ஃபின் விளம்பரத் தளத்தில் ஒருவர், "1996இல் மிலானை வென்ற அணி முழுவதும் கையொப்பமிட்டது" என்று குறிப்பிட்டு, 6,000 குரோணர் கேட்கிறார். படங்களில் என்னால் வாசிக்க முடிந்த பெயர்கள் ஹரால்ட் பிரட்பாக், ரோர் ஸ்ட்ராண்ட், எரிக் ஹொஃப்துன், பென்ட் ஸ்கம்மல்ஸ்ருட், ஜான் கேரூ ஆகியவை. கழுத்துப் பட்டையின் கீழே உள்ள இரண்டு மூன்று கிறுக்கல்கள் விளங்கவில்லை. ஒரு சான்றிதழும் இருக்கிறது, ஆனால் அதை வழங்கியவர் யார் என்பதற்கு ஒரு முத்திரை தவிர வேறு விவரம் எதுவும் அதில் இல்லை. இந்த ஜேர்சியை நம்பி வாங்கலாமா? வாங்கினால் அதை எப்படிப் பாதுகாப்பது? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பழம்பெட்டி

வணக்கம். சான்றிதழை ஒதுக்கிவிட்டு, பெயர்களை மட்டும் பாருங்கள். 1992 முதல் 2004 வரை தொடர்ந்து 13 முறை நோர்வேயின் லீக் பட்டத்தை வென்ற அணி இது. அந்த நீண்ட காலத்தில் அணியின் முதுகெலும்பாக இருந்த சிலர் மாறவே இல்லை, முன்கள வீரர்கள்தாம் வந்தும் போயும் கொண்டிருந்தார்கள். எனவே ஒரு ஜேர்சியின் ஆண்டைக் கணிக்க ஸ்ட்ராண்ட், ஹொஃப்துன் போன்றோரின் கையொப்பம் பெரிதாக உதவாது. ஸ்ட்ராண்ட் 2010 வரை ஆடி, 16 லீக் பட்டங்களில் பங்கு பெற்றவர். அவருடைய கையொப்பம் எந்த ஆண்டு ஜேர்சியிலும் இருக்கலாம். ஆண்டைக் காட்டிக்கொடுப்பவர்கள் கோல் அடிப்பவர்கள்தாம்.

நீங்கள் தந்த பட்டியலையே எடுத்துக்கொள்வோம். 1996 டிசம்பர் 4ஆம் தேதி இத்தாலியின் சான் சீரோ மைதானத்தில் ரோசன்போர்க் 2–1 என்று மிலான் அணியை வென்று, அவர்களைச் சாம்பியன்ஸ் லீக்கிலிருந்து வெளியேற்றியபோது கோல் அடித்தவர்கள் பிரட்பாக்கும் வேகார்ட் ஹெக்கமும். பிரட்பாக் அடுத்த ஆண்டு இறுதியில் செல்டிக் அணிக்குப் போய்விட்டார். 2001இல்தான் ட்ரொண்ட்ஹெய்முக்குத் திரும்பினார். கேரூவோ 1999இல் ஒஸ்லோவின் வாலரெங்கா அணியிலிருந்து வந்து, 2000இல் வாலென்சியாவுக்குச் சென்றவர். 1996இல் அவர் பதினேழு வயதுப் பையன், அதுவும் ஒஸ்லோ பக்கத்தில். ஆக, இந்த இருவரும் ரோசன்போர்க் அணியில் ஒரே காலத்தில் இருந்ததே இல்லை. பிரட்பாக், கேரூ ஆகிய இரு பெயர்களும் ஒரே ஜேர்சியில் இருந்தால், அதை "1996 அணி முழுவதும் கையொப்பமிட்டது" என்று விற்பது தவறு. இதைச் சொல்லக் கையெழுத்து நிபுணர் யாரும் தேவையில்லை.

விளங்காத அந்தக் கிறுக்கல்களில் ஸ்டெஃபன் இவர்சன் இருக்கிறாரா என்றும் பாருங்கள். அவர் 1996 இறுதியில் டாட்டன்ஹாமுக்குச் சென்று, 2006இல்தான் திரும்பி வந்தார். ஹெக்கம் 1998இல் லிவர்பூலுக்குப் போனார். இவர்சன், ஹெக்கம், பிரட்பாக் மூவரும் சேர்ந்திருந்து, அதற்குப் பின் வந்தவர்கள் ஒருவரும் இல்லையென்றால், அப்போது 1996 என்ற பேச்சுக்கு இடமுண்டு.

மைக்கறை

முன்னவர் சொன்ன கணக்கு சரியானது. நான் துணியையும் மையையும் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனெனில் பெயர்கள் பொருந்தினாலும் கையொப்பங்கள் அச்சிடப்பட்டவையாக இருக்கலாம். அணி முழுவதன் கையொப்பங்களையும் ஒரே தகடாக அச்சிட்டு விற்ற நினைவுப் பொருள்கள் பல கழகங்களுக்கும் உண்டு. அவற்றை அறியாமல் அசல் என்று மறுவிற்பனை செய்பவர்களும் உண்டு.

விற்பவரிடம் கேட்டு, ஜேர்சியை உட்புறம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டு எடுத்த படம் ஒன்று வாங்குங்கள். அழியா மை பேனாவால் எழுதியிருந்தால், பாலியெஸ்டர் பின்னலின் மெல்லிய இழைகளுக்கிடையே மை ஊறி, மறுபக்கத்தில் சற்று வெளிறிய நிழலாகத் தெரியும். வெளிப்புறத்தில் நெருங்கிப் பார்த்தால், பேனாவை ஊன்றிய இடத்தில் ஒரு சிறு பொட்டும், கோட்டின் ஓரத்தில் இழையோடு ஓடிய மயிரளவு கசிவும் இருக்கும். இரண்டு கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் இடம் மற்ற இடங்களைவிடக் கருமையாக இருக்கும். அச்சில் இவை ஒன்றும் இருக்காது. கோடு முழுவதும் ஒரே அடர்த்தியில், மேற்பரப்பில் படிந்தாற்போல் இருக்கும். விரல் நகத்தால் தடவினால் தனிப் படலமாக உணரலாம்.

இன்னொன்று, எல்லாக் கையொப்பங்களும் ஒரே பேனாவின் ஒரே தடிப்பில் இருக்கின்றனவா என்று கவனியுங்கள். உடைமாற்றும் அறையில் ஒரே அமர்வில் கையொப்பமிட்டால் பேனா கைமாறிக்கொண்டே போகும், ஆகவே தடிப்பு ஒன்றாக இருப்பது இயல்பு. பல ஆண்டுகளில் பல இடங்களில் வாங்கியதென்றால் மையின் நிறமே வேறுபடும், ஏனெனில் பழைய கறுப்பு மை காலப்போக்கில் பழுப்பாகவோ ஊதாவாகவோ மங்கிவிடும். இங்கே கேரூவின் கையொப்பம் பிரட்பாக்கினுடையதைவிடக் கருமையாக இருந்தால் வேறு விளக்கம் தேவையில்லை.

தொலைநோக்கன்

நண்பர்கள் இருவரும் இந்த ஜேர்சியை ஒரேயடியாகத் தள்ளிவிடுவது எனக்கு ஒப்புதலில்லை. "1996 அணி" என்ற விளம்பரம் தவறுதான். ஆனால் ஒரு ரசிகர் பல ஆண்டுகளாக ஒரே ஜேர்சியைக் கையில் வைத்துக்கொண்டு, தாம் சந்தித்த ஒவ்வொரு வீரரிடமும் ஒரு கையொப்பம் வாங்கியிருந்தால், அந்தப் பொருளுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. நோர்வேயில் இந்த வீரர்களைச் சந்திப்பது அப்படியொன்றும் அரிதல்ல. பிரட்பாக் ஆட்டத்தை விட்டபின் பயணிகள் விமானத்தின் விமானியாகவே ஆகிவிட்டார். ஊர் விளையாட்டுக் கழகங்கள் நிதி திரட்ட நடத்தும் சீட்டுக் குலுக்கல்களில் கையொப்பமிட்ட ஜேர்சி பரிசாக வைக்கப்படுவதும் வழக்கம். அப்படி ஒரு பரிசில் தொடங்கி, பின்னர் பெயர்கள் சேர்ந்து சேர்ந்து வளர்ந்ததாகவும் இது இருக்கலாம்.

என் கருத்தில் விலையே பிரச்சினை. சான் சீரோ வெற்றியின் பெயரைச் சொல்லிக் கேட்கும் தொகையை, பல காலத்துக் கையொப்பங்கள் கலந்த ஜேர்சிக்குக் கொடுக்கக் கூடாது. அதற்குரிய நியாயமான தொகைக்குப் பேசி, உண்மை வரலாற்றோடு வாங்குங்கள்.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் கவனிக்க வேண்டும். அந்தக் கால ஜேர்சியைப் போலவே இப்போது தைத்து விற்கப்படும் மறுபதிப்புகளில் முன்னாள் வீரர்கள் கையொப்பமிடுகிறார்கள். மை உண்மை, கை உண்மை, துணி மட்டும் புதிது. அதில் குற்றமில்லை, ஆனால் விற்கும்போது சொல்லிவிட வேண்டும். உள்பட்டையில் உள்ள துவைப்புக் குறிப்பையும் விளம்பரதாரர் எழுத்தையும் அந்த ஆண்டின் ஆட்டப் படங்களோடு ஒப்பிட்டால் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

(தலைப்புக்குச் சற்று வெளியே: நான் சேர்ப்பது பெர்க் குடும்பத்தை. தந்தை ஓர்யான் ரோசன்போர்க்கின் வெள்ளையில், மகன் பாட்ரிக் வடக்கு நோர்வேயின் போடோ/கிளிம்ட் அணியின் மஞ்சளில். 2018க்குப் பின் ரோசன்போர்க்குக்கு 27ஆவது பட்டம் வராமல் இருக்க, வடக்கில் மஞ்சள் ஜேர்சி 2020, 2021, 2023, 2024 என்று பட்டங்களை அள்ளிவிட்டது. இப்போது அங்கேதான் விலை ஏறுகிறது.)

வடகரையான்

மூவருக்கும் மிக்க நன்றி. விற்பவருக்கு எழுதினேன், உட்புறப் படத்தையும் உடனே அனுப்பினார். மை மறுபக்கம் வரை ஊறியிருக்கிறது, கேரூவின் கையொப்பம் மட்டும் நன்கு கருமையாக உள்ளது. கேரூவைப் பற்றிக் கேட்டதும், ஜேர்சி தம் மாமனாருடையது என்றும், அவர் ஆண்டுகள் பல அதைக் காரில் வைத்துக்கொண்டு திரிந்தவர் என்றும், "1996" என்பது ஜேர்சி வாங்கிய ஆண்டு என்றும் பதில் வந்தது. தொலைநோக்கன் ஊகித்தது ஏறக்குறைய அதுதான். விலையைப் பாதியாகக் குறைக்கச் சம்மதித்துவிட்டார். விளங்காத கிறுக்கல்களில் ஒன்று நில்ஸ் ஆர்னெ எக்கனுடையது போலத் தெரிகிறது. பயிற்சியாளரின் கையொப்பம் ஜேர்சியில் இருப்பது வழக்கமா?

பழம்பெட்டி

வழக்கம் என்று சொல்ல முடியாது, ஆனால் அந்த அணியில் அவருடைய இடம் வேறு. 13 பட்டங்களில் பெரும்பான்மை அவர் காலத்தவை. எந்த ரசிகரும் அவரை விட்டுவிட்டு வீரர்களிடம் மட்டும் பேனாவை நீட்டியிருக்க மாட்டார். 2022 ஜனவரியில் அவர் காலமானார், ஆகவே இனிப் புதிதாக வாங்க வழியில்லை. உறுதிசெய்ய முடிந்தால், அந்த ஜேர்சியில் நான் முதலில் பார்க்கும் பெயர் அதுவாகத்தான் இருக்கும். அவர் கையொப்பமிட்ட வேறு பொருள்களின் தெளிவான படங்களோடு, குறிப்பாக முதல் எழுத்தின் வளைவை, ஒப்பிட்டுப் பாருங்கள்.

பாதுகாப்பைப் பற்றி: துவைக்க வேண்டாம், வியர்வை மணம் இருந்தாலும் வேண்டாம். கையொப்பங்களின் மேல் மடிப்பு விழாதபடி, அமிலமற்ற தாளை இடையில் வைத்துத் தட்டையாக இழுப்பறையில் வையுங்கள். சட்டம் போட்டுச் சுவரில் மாட்ட விரும்பினால், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடியும் ஜன்னலுக்கு எதிர்ப்படாத சுவரும் தேவை. ட்ரொண்ட்ஹெய்மின் கோடையில் வெயில் இரவு பத்து மணி தாண்டியும் அறைக்குள் விழும் என்பது உங்களுக்கே தெரியும். விற்பவரிடம் மாமனாரின் கதையை ஒரு தாளில் எழுதி, தேதியிட்டுக் கையெழுத்திட்டுத் தரச் சொல்லுங்கள். முத்திரை குத்திய அந்தச் சான்றிதழை அவரே வைத்துக்கொள்ளட்டும்.